ஏலக்காய் மென்ற எச்சில்

அமெரிக்காவில் இருக்கிற என் மகன் லீவில் வந்தபோது என் பிறந்த நாளுக்கென்று ஒரு டப்பா கொடுத்தான். வேட்டி சட்டை என்று பிரித்தால் உள்ளே ஒரு குழாய். அதில் எச்சில் துப்பிக் கொடுத்தால் டிஎன்ஏ பார்த்து நம் வம்சம் எங்கேயிருந்து வந்தது என்று சொல்வார்களாம். எங்கேயிருந்து வந்தது? சிலமலையிலிருந்து போடிக்கு வந்தது, டவுன் பஸ்சில் வந்தது. இதைச் சொல்ல அமெரிக்காக்காரன் எதுக்குடா என்று சத்தம் போட்டேன். போட்டுவிட்டுத் துப்பினேன். பிள்ளை ஆசையாகக் கேட்கிறானே.

என் வீட்டுக்காரியையும் துப்பவைத்தான். இரண்டு மாதத்தில் ரிசல்ட் வந்தது. நானும் அவளும் நெருங்கிய ரத்த சொந்தம், கவனிக்கவும் என்று ஒரு எச்சரிக்கை. அவள் என் சொந்த அத்தை மகள். ஊரே கூடிக் கவனித்துத்தானய்யா கட்டிவைத்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். என் சித்தப்பா மகன் ஒருத்தன் போன வருஷம் ரிட்டையர் ஆகி சோலி இல்லாமல் இருந்தான். இணையத்தில் குடும்ப மரம் ஒன்று நட்டுவைத்து, செத்தவர், இருப்பவர் எல்லாரையும் அதில் தொங்கவிட்டிருந்தான். என் உரக்கடைக்கு வந்து பாஸ்வேர்டு கேட்டான். கடையில் கூட்டம், சொல்லித் தொலைத்தேன். உயிரோடு இருப்பவர்கள் விவரத்தை மறைக்க அதில் ஒரு கட்டம் உண்டாம், டிக் அடித்தால் போதுமாம். அடிக்கவில்லை. மறைக்க நாம என்ன திருடுனோமா என்கிறான். ஆளுக்கு ஒரு குறிப்பு வேறு. என் படத்துக்குக் கீழே ‘முன்கோபி, பார்த்துப் பேசவும்’ என்று போட்டிருந்தான். அதைப் படித்ததும் எனக்கு வந்ததே ஒரு கோபம்.

அடுத்த வாரம் அந்த மரத்தில் என் பக்கத்தில் ஒருத்தர் தொங்கினார். என்னைவிட மூன்று வயது இளையவர். தகப்பன் ஒன்று, தாய் வேறு என்று டிஎன்ஏ பொருந்தியதாம். பொருந்தியவுடன் இவன் யாரையும் கேட்காமல் கோர்த்துவிட்டான். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்து எஸ்டேட்டுகளுக்கு ஜீப்பு ஓட்டுகிறவர். படத்தில் எங்கய்யா மூக்கு அந்த ஜீப்புக்கு முன்னால் நின்று சிரித்தது.

எங்கய்யா அந்த மலையில் ஏலத்தோட்டத்து மேஸ்திரி. திங்கட்கிழமை ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். இரண்டு நாள் கடைக்கு வந்தவரிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். கோபமெல்லாம் எங்கய்யா மேல். அவர் செத்து இருபது வருஷம் ஆயிற்று, யாரைப் போய்த் திட்ட?

மூன்றாம் நாள் அந்த ஜீப்புக்காரரே கடைக்கு வந்தார். செடிக்கு மருந்து வேண்டும் என்றார். என்ன செடி என்றால் விழிக்கிறார், அவருக்கு ஒரு சென்ட் தோட்டம் கிடையாது. டீ சொன்னேன். கொச்சியில் லேபில் வேலை பார்க்கும் அவர் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் தாத்தா பெயர் போட வேண்டும் என்று அந்தப் பிள்ளைதான் அப்பனைத் துப்பவைத்திருக்கிறது. போகும்போது “வர்றேண்ணே” என்றார். என்னை அண்ணே என்று ஊரே கூப்பிடும். இது வேறு மாதிரி இருந்தது, பிடித்தும் இருந்தது. நான் ஒண்டிப் பிள்ளை.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது சிலமலையில் எங்கள் பெரியப்பா இறந்துபோனார். கேத வீட்டில் நாங்கள் நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கக் கிளம்புகிறோம், சித்தப்பா மகன் மூலையில் உட்கார்ந்து மரத்தில் பெரியப்பாவை ‘காலமானார்’ என்று மாற்றுகிறான். மாற்றியதும் கோர்த்திருக்கிற அத்தனை போனிலும் மணி அடித்தது. மணப்பெண் ஆசை ஆசையாக மாப்பிள்ளையையும் மரத்தில் ஏற்றியிருந்தாள். அங்கேயும் அடித்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா படித்துப் பார்த்துவிட்டு, பெண் வீட்டுக்குப் பங்காளித் தீட்டு, பதினாறு கழியாமல் தாலி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. தாலி கட்டிய மூன்றாம் நாள் கப்பலேற வேண்டும். இந்த முகூர்த்தம் போனால் அடுத்த வருஷம்தான், அதுவும் அவர்கள் மனசு மாறாமல் இருந்தால்.

மறுநாள் விடியவும் என் வீட்டு வாசலில் ஜீப்பு வந்து நின்றது. அவர் உள்ளே வரவில்லை.

“அண்ணே, மாப்பிள்ளை வீட்டாளுக உங்ககிட்டக் கேக்க வர்றாக. என்னையத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. கல்யாணப் பொண்ணு, எங்க மோளு, நேத்துலருந்து சாப்பிடல.”

எப்படிய்யா சொல்ல என்றேன். அவர் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“எனக்கு ஏழு வயசுல எங்கம்மா உங்க வீட்டு வாசலுக்குக் கூட்டியாந்துச்சு. உங்கய்யா சொன்னாரே, ஆளு மாறி வந்திருக்கீகன்னு. அதே மாதிரி சொன்னாப் போதும்ணே.”

பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேர் வந்தார்கள். மரத்தைக் கலர் பிரிண்ட் எடுத்து மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார்கள். ஜீப்புக்காரர் படத்தைக் காட்டி, இவர் உங்க அய்யாவுக்குப் பிறந்தவரா என்று நேராகவே கேட்டார்கள்.

“இவுகள எனக்குத் தெரியாது. ஆளு மாறி வந்திருக்கீக” என்றேன். என் குரலே எனக்கு எங்கய்யா குரலாகக் கேட்டது.

அப்ப மிஷின் பொய் சொல்லுமா என்றார் ஒருத்தர். துப்புவதற்கு முன்னால் எதுவும் மெல்லக்கூடாது, நான் ஏலக்காய் மென்றுகொண்டே துப்பிவிட்டேன், ஜீப்புக்காரரும் மென்றிருப்பார், ரெண்டும் ஒரே மலை ஏலக்காய், மிஷின் குழம்பிவிட்டது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். மாப்பிள்ளையின் பெரியப்பா யோசித்தார். ஏலக்காய் வாசம் எதையும் அமுக்கும் என்றார். அப்படிப் பார்த்தால் மலையில் இருக்கிற அத்தனை பேரும் நமக்குப் பங்காளி ஆகிவிடுவான், ஒருத்தனும் கல்யாணம் கட்ட முடியாது என்றார் இன்னொருத்தர். டீ குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்கள்.

சித்தப்பா மகனைக் கூப்பிட்டு, மரத்தில் எங்கள் ரெண்டு பேரையும் கோர்த்த அந்தக் கோட்டை அழிடா என்றேன். கோடு அழிந்தது. டிஎன்ஏ பக்கத்தில் மட்டும் சகோதரன் என்றே நின்றது. அதை அழிக்க முடியாதாம், மறைக்கத்தான் முடியுமாம். மறைத்தான்.

கல்யாணம் எங்கள் கடைக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற மண்டபத்தில். எனக்குத் தீட்டு, போகக்கூடாது. தீட்டு இல்லாவிட்டாலும் நான் யார் போக? கெட்டி மேளம் கடைக்கே கேட்டது. மருந்து வாங்க வந்தவர், கண்ணில் பூச்சிமருந்து பட்டுவிட்டதா அண்ணே என்றார். ஆமாம் என்றேன்.

பதினாறாம் நாள் சிலமலையில் கருமாதி. பங்காளிகள் மீசை எடுக்க வயசுப்படி வரிசையாக உட்கார்ந்திருந்தோம். முதலில் நான், அடுத்து சித்தப்பா மகன். மாப்பிள்ளை கப்பலேறி ஒரு வாரமாகியிருந்தது. ரோட்டில் ஜீப்பு வந்து நின்றது. இறங்கியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முடி எடுக்கிறவர் கத்தியை வைத்துவிட்டு, இவுக எந்த வீடு என்று கேட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அவர் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

“இன்னைக்காச்சும் என்னையத் தெரியுதாண்ணே?”

பக்கத்தில் இருந்த சித்தப்பா மகனை, தள்ளி உக்காருடா என்று அதட்டினேன். அவன் ஒரு ஆள் தள்ளி உட்கார்ந்தான்.