அசையாமல் நின்றவர்

சிவப்பு விளக்கடியில் இரண்டு கைகள் ஒரு படத்தை நீரில் அலசிக்கொண்டிருந்தன. அவை பரஞ்சோதியுடையவை; மலாயாவில், சுங்கைப்பட்டாணியில் படம் பிடிக்கும் கடை ஒன்றில் அவனுக்கு வேலை. ஓடும் ரயிலையும் அபாயச் சங்கு ஊதும் கோபுரத்தையும் படம் பிடிப்பதில் பைத்தியம். ஜப்பான்காரன் கண்டால் தலை போகும் என்பதால் லாலான் புல்லுக்குள் ஒளிந்து எடுப்பான்.

அன்று தோட்டத்து ஆட்களைச் சயாமுக்கு, போனவர் திரும்பாத தண்டவாள வேலைக்கு, ஏற்றிப்போன ரயில் ஊருக்கு வெளியே நின்றபோது, குண்டு விமானம் வருவதாகச் சங்கு அலறியது. சிப்பாய்கள் பள்ளத்தில் குப்புறப் படுத்தார்கள். ஆட்கள் குதித்து ரப்பர் காட்டுக்குள் ஓடினார்கள். கடைசி ஆள் காலைக் கீழே வைக்கப்போனபோது, புல்லுக்குள் காமிராவோடு இருந்த பரஞ்சோதியின் வாய் கடைப் பழக்கத்தில், "அப்படியே அசையாம நில்லுங்க!" என்றது.

காமிராவைக் கண்டால் விறைத்து நிற்பதுதான் தோட்டத்து மரியாதை. அவர் சட்டையை இழுத்துவிட்டு, மார்பை நிமிர்த்தி நின்றார். சங்கு ஓய்ந்தது. சிப்பாய்கள் எழுந்துவந்து கதவைப் பூட்டினார்கள். அவர் ஒருவரோடு ரயில் கிளம்பியது.

தப்பியவர்கள் படக்காரனைப் பற்றிச் சொல்ல, நின்றவரின் மனைவி மருதம்மாள் மெர்போக்கிலிருந்து நடந்தே வந்து கடைக்குள் காத்திருந்தாள். இருட்டறையிலிருந்து ஈரப்படத்தோடு வந்த பரஞ்சோதியைக் கேட்டாள்:

"ஏண்ணே, எல்லாரும் ஓடினாங்களே, இந்த மனுசன் மட்டும் ஏன் ஓடல? சோம்பேறிதான் லா, உயிருக்குக்கூடவா சோம்பல்?"

படத்தை எட்டிப் பார்த்தாள். "கல்யாணத்தன்னிக்குக்கூட இப்படி நிமிந்து நிக்கல."

"நான்தான் நிக்கச் சொன்னேன், அக்கா."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு படத்துக்குக் கையை நீட்டி, "கொடுங்க" என்றாள்.

அவன் ஈரத்தை ஒற்றியெடுத்து, இரண்டு கைகளாலும் கொடுத்தான்.