உஷ் டீச்சரும் பதினோரு வாண்டுகளும்

அந்த மழலையர் பள்ளியில் அவருக்கு "உஷ் டீச்சர்" என்று பேர். வைத்தது பிள்ளைகள்தான். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே பல் மருத்துவர், நடு மாடியில் ஒரே ஒரு நீள அறை. அதில் நான்கு வயதுப் பிள்ளைகள் பதினோரு பேர். நாற்காலி இழுபட்டால்கூடக் கண்ணாடிக் கடைக்காரர் படியேறி வந்துவிடுவார். அதனால் டீச்சர் காலையிலிருந்து உதட்டில் விரலை வைத்தபடியேதான் இருப்பார்.

வயது முப்பத்தாறு. இதற்கு முன் ஒன்பது வருஷம் ஒரு சேவை மையத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கியவர். பிறந்து வளர்ந்தது எல்லாம் ஐந்தாவது மாடியில். மண் என்றால் அவருக்குத் தொட்டியில் இருப்பது. புழுவைப் படத்தில் பார்த்தாலே உடம்பு கூசும்.

பதினோரு பேரில் ஒரு சின்னப் பெண் கடிப்பாள். கிட்டத்தட்ட மணிக்கொரு தடவை யாராவது கையைத் தூக்கிக்கொண்டு அழுவார்கள். பள்ளியை நடத்தும் பெரிய மேடமும் டீச்சரும் தங்களுக்குள் அவளுக்கு வைத்த பேர் "கடிகாரம்". கடித்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தையற்காரம்மாவின் மகன் மட்டும் ஒரே மாதத்தில் நான்கு தடவை கடி வாங்கியிருந்தான். "இந்த மாசக் கடைசியோட அவளை நிறுத்திடலாம்" என்று பெரிய மேடம் முடிவே செய்துவிட்டார்.

அதற்குள் பல் மருத்துவரின் அறையில் குழாய் வெடித்துவிட்டது. வகுப்பறைக் கூரையின் பூச்சு பெயர்ந்து பாதி அறைக்கு விழுந்து கிடந்தது. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. சரிசெய்ய மூன்று வாரம் ஆகும் என்றார்கள். பெற்றோர் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகளை எங்கே விடுவது? கட்டடத்துக்குப் பின்னால் அச்சகத்துக்காரரின் காலி மனை இருந்தது. வேலி போட்டது. உள்ளே ஒரு பெரிய மரம், கொஞ்சம் சரிவு, ஓரமாக ஒரு வாய்க்கால். அச்சகத்துக்காரர் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தார்.

முதல் நாள் டீச்சர் பாயும் எழுத்து அட்டைகளுமாகப் போனார். பாயை விரித்து அட்டைகளை அடுக்கி முடிக்கவில்லை, ஒரு காற்று வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனது. பிள்ளைகள் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். வழக்கம்போல டீச்சரின் விரல் உதட்டுக்குப் போனது. போன விரல் அப்படியே நின்றது. கீழே கடை இல்லை, மண்தான் இருக்கிறது. யாருக்காகச் சத்தத்தை அடக்குவது?

கடிகாரம் அன்றைக்கு ஒரு முறிந்த கிளையைக் கண்டுபிடித்தாள். அவளைப்போல மூன்று மடங்கு நீளம். இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. "டேய், இங்க வாடா! அந்தப் பக்கம் பிடி!" என்று கூப்பிட்டது தையற்காரம்மாவின் மகனை. அவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் போனான். மதியம் வரை இருவரும் அந்தக் கிளையை மனை முழுக்க இழுத்துத் திரிந்தார்கள். நோட்டில் அன்றைய பக்கம் வெறுமையாக இருந்தது. எழுத மறந்துவிட்டோமோ என்று டீச்சர் இரண்டு தடவை யோசித்துப் பார்த்தார்.

நான்காம் நாள் மழை பெய்து ஓய்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் பிள்ளைகள் கல்லும் குச்சியும் சேறும் வைத்து அணை கட்டினார்கள். "இன்னும் ஏழு கல்லு வேணும்." "ஏழு எதுக்கு? ஆறு போதும்." மாடியில் ஆறுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரியாமல் விழித்த பிள்ளைகள்! டீச்சர் அதை ரசித்துக்கொண்டிருந்தபோது ஒரு குட்டிக் கை அவர் உள்ளங்கையில் எதையோ வைத்தது.

"டீச்சர், இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. எனக்கு இன்னொண்ணு இருக்கு."

மண்புழு. டீச்சரின் கை தானாக உதறப் போனது. ஆனால் பதினோரு முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. உதறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பத்து எண்ணினார். அது சில்லென்று, ஈர நூல்போல, விரலிடுக்கில் வழி தேடிக்கொண்டிருந்தது. எண்ணி முடித்தும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தையற்காரம்மா வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். மகனின் சட்டை என்ன நிறம் என்றே தெரியவில்லை.

"என்ன டீச்சர் இது? நாலு எழுத்து படிக்கட்டும்னு அனுப்பினா, பிள்ளையைச் சேத்துல முக்கி எடுத்து வெச்சிருக்கீங்க!"

டீச்சர் அவசரமாகக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கையில் புழு வேறு. மகன்தான் காப்பாற்றினான்.

"அம்மா, நாங்க கட்டின அணை! தண்ணி நிக்குது பாரு!"

அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை அம்மா உற்றுப் பார்த்தார். "இவதானே உன்னைக் கடிச்சவ?"

"அது மாடில இருக்கும்போது" என்றான் அவன், ஏதோ போன பிறவிக் கதை சொல்வதுபோல.

தையற்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து பார்த்தார். "அந்த மூலைல ஒழுகுதேடா" என்றார். அப்புறம் கைப்பையை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, சேற்றை அள்ளித் தானே அடைத்தார். அதிலிருந்து மூன்றாம் நாள் ஒரு மூட்டையோடு வந்தார். மழைக்கோட்டுத் துணியின் மிச்சத்தில் தைத்த பதினோரு காற்சட்டைகள். முழங்காலில் இரட்டைத் துணி.

எல்லாம் சுகமாகவே போனது என்று சொல்ல முடியாது. ஒரு பையன் மரக்கட்டையிலிருந்து விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டான். கடிகாரமும் கடைசி வாரம் ஒரு கயிற்றுச் சண்டையில் ஒருத்தியைக் கடித்துவிட்டாள். டீச்சர் இரண்டையும் மறைக்காமல் எழுதி வைத்தார்.

கூரை சரியானதும் பெரிய மேடம் மனைக்கே வந்து நோட்டைப் புரட்டினார்.

"மூணு வாரத்துல ஒரே ஒரு கடியா? மேல வந்தா மறுபடி ஆரம்பிச்சிடுவாளோ?"

"தெரியல மேடம். அதான் கீழேயே இருந்துடலாமான்னு கேட்கிறேன்."

மேடம் நோட்டை மூடினார். சரிவில் பிள்ளைகள் உருண்டு வருவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "காலைல இங்க. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மேல. அந்தப் பொண்ணு இருக்கட்டும்" என்றார்.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. டீச்சர் இன்னும் அந்த மனையில்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தால், லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் அவர் தலையிலிருந்து சருகைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே கேட்பார், "இன்னைக்கு என்ன வேலை நடந்தது?"

"பலகையில பாலம் கட்டினாங்க. நாலு பேர் ஏறினா தாங்குது, அஞ்சாவது ஆள் ஏறினா சரியுது."

கணவர் உடனே பென்சிலைத் தேடுவார். "முட்டு எங்க கொடுக்கணும்னா..."

"ஐயோ, நீங்க சும்மா இருங்க. நாளைக்கு அவங்களே பார்த்துப்பாங்க" என்பார் டீச்சர், காலை நீட்டி உட்கார்ந்தபடி.