நாற்காலிப் பயிற்சி

பீங்கான் பட்டறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பொம்மைகளுக்கு வண்ணம் பூசியே என் முழங்கால் தேய்ந்துபோனது. எங்கள் தெருவில் அப்படிப்பட்ட முழங்கால்கள் நிறைய. மூட்டுவலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் பயிற்சிக்கு இலவச முகாம் என்றதும், நொண்டி நொண்டி மண்டபத்துக்குப் போனோம்.

சொல்லித்தர வந்த பெண் எங்களை உட்காரவைத்து, ஒரு காலை மெல்ல நீட்டச் சொன்னாள். நீட்டிய காலை மடக்குவதற்குள், முகாமைத் தொடங்கிவைக்கும் பெரிய மனிதர்கள் படையோடு வந்துவிட்டார்கள்.

"பெரியவங்க நிக்கிறாங்க, கொஞ்சம் எழுந்திரிங்கம்மா" என்று ஒருவர் என் நாற்காலியைத்தான் முதலில் பிடுங்கினார். மரியாதை தெரிந்த ஊராயிற்றே, எல்லோரும் எழுந்துவிட்டோம்.

அவர்கள் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்டு, மூட்டுவலியைப் பற்றி ஆளாளுக்கு முழங்கினார்கள். நாங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் போட்டோவுக்காக அவர்களே உட்கார்ந்து காலை நீட்டி மடக்கினார்கள். தலைமை வகித்தவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எவ்ளோ சுலபமா இருக்குது! இதைக்கூட வூட்டுல செய்யாம ஏம்மா வலி வலின்றீங்க?"

கைதட்டச் சொன்னார்கள். தட்டுவதற்குச் சுவரை விட வேண்டியிருந்தது.