சரக்கு இறக்கியவர்களை நம்பாத அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவர்களுடைய சந்தேகக் குணம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. குறையாகச் சொல்லவில்லை. எங்கள் குடும்பம் நிமிர்ந்து நிற்பது அந்தக் குணத்தால்தான்.

ஆலங்காயத்தை அடுத்த சிற்றூரில் பிறந்த அக்கா, ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி வேலையிலிருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று மாமாவின் கால்கள் புண்ணாகிப் போகவே, டேனரி கேட்டை ஒட்டி ஒரு வாடகை அறையில் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். காலையில் இட்லி, மதியம் பிரியாணியும் கத்திரிக்காயும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். கல்லூரி வரை என்னைப் படிக்க வைத்தது அந்தக் கடை.

எண்பதுகளின் நடுவில் மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். நின்றபடியே பன், கட்லெட் சாப்பிட்டுப் போகும் கடைகளை ஊர் ஊராகத் திறந்து வந்த கம்பெனி அது.

"கடை உங்களுது, பேரு எங்களுது. போர்டு, மிஷின், மசாலா எல்லாம் நாங்களே தர்றோம். லாபம் உங்களுக்கு" என்றார்.

"எல்லாத்தையும் எங்களுக்கே குடுத்துட்டு நீங்க இன்னா சார் சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்கள் அக்கா.

மாமா சிரித்துவிட்டார். கம்பெனிக்காரரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பன், எண்ணெய், காகிதத் தட்டு வரை கம்பெனியிடமே வாங்க வேண்டும், தினமும் இவ்வளவு என்று அவர்களே இறக்குவார்கள் என்பதெல்லாம் பிறகு மெதுவாக வெளியே வந்தது.

"ரம்ஜான் நோன்பு மாசத்துல நாங்க பகல்ல கடை தொறக்க மாட்டோம் சார். நாங்க நோன்பு வெக்கிறதில்ல, இருந்தாலும் ஊரு மரியாத. சாயங்காலந்தான் அடுப்பு. அப்பவும் காலையில சரக்கு இறக்குவீங்களா?"

"சரக்கு தினமும் வரும்மா. விக்கிறது உங்க சாமர்த்தியம்."

"அப்ப ஜனம் சாப்பிட்டாலும் உங்களுக்குக் காசு, சாப்பிடாட்டியும் காசு. உங்க கஸ்டமரு அவங்க இல்ல சார், நான்தான். பேஜார் புடிச்ச வேலை, வேற ஆளப் பாருங்க."

கம்பெனி வேறு ஆளைப் பார்க்கவில்லை, கட்டடத்துக்காரரான பாயைப் பார்த்தது. பாய் தயங்கித் தயங்கி வந்து சொன்னார். "தங்கச்சி, ஜாஸ்தி வாடகைக்கு மொத்தக் கட்டடத்தையும் கேக்கறாங்க. எனக்கும் பொண்ணுங்க கல்யாணம் இருக்கு."

"நீங்க இன்னா பண்ணுவீங்க பாய். ஆனா பாருங்க, இதே ரூமை எங்கிட்டயே வாடகைக்கு விட வருவாங்க."

அப்படியே வந்தார்கள், போர்டோடும் கூடுதல் வாடகையோடும். அக்கா அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு சாலையின் மறுபக்கம் கொட்டாய் போட்டார்கள். வெயிலில் சாலையைக் கடந்து யார் வருவார்கள் என்று மாமா கலங்கினார். ஷிஃப்ட் முடிந்ததும் எல்லோரும் கடந்து வந்தார்கள்.

அந்த அறைக்குக் குடியாத்தத்துக்காரர் ஒருவர் தறியை விற்று டெபாசிட் கட்டி வந்தார். நோன்பு மாதம் அவரைச் சாய்த்துவிட்டது. ஊருக்குப் போகும் அன்று கொட்டாயில்தான் சாப்பிட்டார். "அவன் பன்னு விக்க வரல தம்பி, கடைய உனக்கு வித்துட்டுப் போய்ட்டான்" என்று சொல்லி, அக்கா காசு வாங்க மறுத்தார்கள். அவருக்குப் பின் இன்னொருவர், பிறகு வேறொருவர். வந்த ஒவ்வொருவரும் புதிதாக டெபாசிட் கட்டினார்கள். கடைக்காரர்கள் நொடித்தார்கள், கம்பெனிக்கு ஒரு மாதமும் வருமானம் நிற்கவில்லை.

வேலூர் மருத்துவமனையில் கிடந்தபோதும் அக்கா மாறவில்லை. "இந்த டானிக்கு குணமானா காசா, வாங்குனாலே காசா?" என்று நர்ஸைக் கேட்டுச் சிரிக்க வைத்தார்கள். பின்பு பேச்சு குறைந்தது. மாமாவின் கையைப் பிடித்தபடி அடங்கினார்கள்.

அங்கே பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், காரியத்துக்கு அரிசி மூட்டை அனுப்பிய பாய்க்கும், அன்றும் சாலையைக் கடந்து வந்து பந்தல் போட்ட டேனரித் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. பதினாறாம் நாள் கம்பெனிக்காரரும் வந்திருந்தார். மாலை போட்டுவிட்டு, கொட்டாய் இடம் காலியாகுமா என்று மாமாவின் காதோரம் கேட்டார். மாமா வாய் திறப்பதற்குள் அக்கா மகள் செல்வி இலையைப் போட்டாள்.

"சாப்பிட வந்தீங்களா, சரக்கு இறக்க வந்தீங்களா சார்?"

அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவருக்கும் நன்றி. மறுநாள் காலை செல்வி கடையைத் திறந்தாள்.