மலையடியில் கழற்றிய சிலிப்பர்

ஒட்டுப்பாலின் நாற்றம் எந்தச் சவுக்காரத்துக்கும் மசியாது. சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த என் அம்மா, இரண்டு முறை குளித்து, முகத்தில் பவுடர் அப்பி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதும், பூவையும் மீறி அது வீசியது. நான் சன்னலைத் திறந்துவிட்டேன். பதினொரு வயது எனக்கு. எங்கள் தோட்டத்துப் பள்ளி மலாக்கா டவுனுக்குப் போன "ரொம்போங்கான்" சுற்றுலா அது. பிள்ளைகளுக்குத் துணையாக வரக் கேட்டதும், வேலையை விட்டுவிட்டு ஆசை ஆசையாகக் கிளம்பி வந்திருந்தார் அம்மா.

பழைய கோட்டை வாசலைப் பார்த்துவிட்டு மலை ஏற வேண்டும். "மேல இடிஞ்சுபோன மாதா கோயில் இருக்கு" என்று டீச்சர் சொன்னதுதான் தாமதம், அம்மா "சிலிப்பரை"க் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டார்.

"எந்தச் சாமியா இருந்தா என்னா லா, சாமி சாமிதானே?"

உச்சி வெயிலில் கொதித்த படிகளில் காலை மாற்றி மாற்றி வைத்து ஏறியவர், மேலே சுவரில் சாய்த்து வைத்திருந்த கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுடைய சமாதிக் கற்களோ அவை! டவுன் பள்ளியிலிருந்து வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி என்னிடம், "உங்கம்மாவா?" என்று கேட்டாள்.

"இல்ல, பக்கத்து வீட்டு அத்தை" என்றேன்.

அம்மா மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

பெற்றவளைப் பார்த்து வெட்கப்பட்டேன் என்று எழுத இப்போதும் கை கூசுகிறது. "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதை அன்று மெய்யாக்கினேன். இறங்கி வந்தால் சிலிப்பரைக் காணோம். "போனா போவுது" என்று வெறுங்காலோடே பஸ் ஏறினார். ஓர் அறை அறைந்திருந்தால் அன்றோடு போயிருக்கும்.

படித்து, வேலைக்குப் போய், கையில் நாலு காசு சேர்ந்ததும் எனக்கு ஊர் சுற்றும் பைத்தியம் பிடித்தது. அங்கோர், ரோம், எகிப்து என்று பழைய கல் எங்கே கிடந்தாலும் போனேன். ஒவ்வொரு முறையும் அம்மாவைக் கூப்பிடுவேன். "கால் வலிக்குதும்மா, நீ போய்ட்டு வா" என்பார். அங்கோருக்கு மட்டும் விடாமல் கெஞ்சினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல் சிரித்தார்.

"அங்க யாராச்சும் கேட்டா, என்னை யாருன்னு சொல்லுவ?"

கேலியாகத்தான் கேட்டார். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல வேளை வாய்த்திருக்காது. நான் பெட்டியில் துணி அடுக்கப் போனேன்.

இன்று அந்தத் தோட்டம் முழுக்கச் செம்பனை. ஒட்டுப்பால் நாற்றமும் இல்லை, அம்மாவும் இல்லை. புக்கிட் காத்திலில் இருக்கும் என் வீட்டிலிருந்து அந்த மலைக்குக் காரில் அரை மணி நேரம் ஆகாது. உலகமெல்லாம் சுற்றியவள் அங்கே மட்டும் போகாமலே இருந்தேன். போன மாதம் போனேன். மலையடியில் சிலிப்பரைக் கழற்றினேன். கல் நன்றாகவே சுட்டது. மேலே, படம் பிடிக்கும் கூட்டத்துக்கு நடுவில், அந்தக் கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஏன் என்று யாராவது கேட்டால், எங்கம்மா இப்படித்தான் கும்பிட்டாங்க என்று உரக்கச் சொல்லிவிடும் எண்ணத்தோடு வெகுநேரம் நின்றேன்.

யாரும் கேட்கவில்லை.