நேர்முகத் தேர்வும் ஐந்து நிமிஷமும்

கிளினிக் கவுண்டரில் உட்காருகிறவர்களுக்குச் சம்பளமே, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதற்குத்தான். மருத்துவப் படிப்புக்கான நேர்முகத் தேர்வில் ஒரு தடவை கவிழ்ந்துவிட்டு, சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கிளினிக்கில் ஒரு வருடம் அப்படி உட்கார்ந்தவள் நான். தேர்வறை வாசலில் கை வியர்க்க நின்ற என் கட்சிக்காரர்களே, கேளுங்கள்.

பதினோராவது ஆள்

முதல் வருடம், "ஏன் டாக்டராகணும்?" என்று கேட்டார்கள். உட்லண்ட்ஸ் வீட்டில் கண்ணாடி முன் நின்று உருப்போட்ட பதில் தயாராக இருந்தது. சின்ன வயதிலிருந்தே சேவை செய்ய ஆசை என்று கடகடவென்று ஒப்பித்தேன். தேர்வாளர் அம்மா பேனாவை மூடி வைத்தார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "இன்னிக்கு இதைச் சொல்ற பதினோராவது ஆள் நீங்க."

நாற்பது நிமிடம்

ராஜன் அண்ணன் பேருந்து ஓட்டுநர். முதுகு வலியோடு புக்கிட் பாத்தோக்கிலிருந்து எங்கள் கிளினிக்குக்கு வருவார். ஒரு நாள், "டாக்டர் எப்பம்மா கூப்பிடுவாரு?" என்றார். "அஞ்சு நிமிஷம்ணே" என்றேன். யார் எப்போது கேட்டாலும் எங்கள் கவுண்டரில் அஞ்சு நிமிஷம்தான். உள்ளே ஒரு குழந்தை ஊசிக்குக் கையைக் கொடுக்க மாட்டேன் என்று கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. அண்ணன் உட்காரவும் முடியாமல் நாற்பது நிமிடம் நின்றார். மருந்து வாங்கும்போது சொன்னார்: "தெரியலன்னு சொல்லியிருந்தா, கீழ தேத்தண்ணிக் கடைக்குப் போய் ஒரு தே குடிச்சுட்டு வந்திருப்பேன் லா."

அழுத அம்மா

இரண்டாவது முறை. இதுவும் போனால் வேறு படிப்பு என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. தேர்வறையில், கேள்விக்குப் பதிலாக ஒரு நடிகை. விபத்தில் சிக்கிய பையனுக்காகக் காத்திருக்கும் அம்மா வேடம். எனக்கு மருத்துவ மாணவி வேடம். "ஆப்பரேஷன் எப்ப முடியும்? பிழைச்சுக்குவானா?" என்று அழுதார்.

பழக்கதோஷம், "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொல்லியே விட்டேன்! ராஜன் அண்ணன் நின்ற நிற்பு கண்முன் வந்தது. "மன்னிச்சிடுங்க, அது பொய். எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டு வர்றேன். அதுவரைக்கும் ஏதாவது குடிக்கிறீங்களா?" என்றேன். ஓரத்தில் இருந்த தேர்வாளர் ஏதோ எழுதினார். நேரம் முடிந்து மணி அடித்தது. நடிகை பொய்க் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தேத்தண்ணி. சீனி வேணாம்."

கடிதம் வந்த பிறகு

இடம் கிடைத்துவிட்டது! கடிதத்தை ரயிலில் மூன்று தடவை படித்து, பக்கத்தில் ஆள் இருப்பதையும் மறந்து அழுதேன். ஒரு வருடமாக நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிப்போனது. மறுநாள் கிளினிக்குக்கு வந்த ராஜன் அண்ணனிடம் சொன்னேன். "அப்ப நீ டாக்டரா என்னை உள்ள கூப்பிட எவ்வளவு நாளாகும்?" என்றார். "தெரியாதுண்ணே." அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நல்லது. நான் தே குடிச்சுட்டு வர்றேன்."

'தெரியாது' என்று சொல்லி வாங்கிய இடத்தில், இனி ஐந்து வருடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.