கன்ரன் சந்தில் ஒரு பகல் சாப்பாடு

மெல்பனில் எனக்குத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. பக்கத்துக் கதிரையில் ஒரு சீனர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். எழுபதுகளின் கடைசியில், விடுமுறைக்கு நானும் மனைவியும் ஹொங்கொங் வழியாக யாழ்ப்பாணம் போகிறோம், போகிற வழியில் ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு சீனாவின் கன்ரன் நகரத்தையும் எட்டிப் பார்க்கப் போகிறோம் என்று நான் பீற்றிக்கொண்டபோது அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த நகரத்துப் பழைய சந்து ஒன்றில்தான் அவர் பிறந்தாராம். இளவயதில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடி வந்தவர். விட்டுவிட்டு வந்த தங்கை இருக்கிறாளா, இல்லையா என்பதே தெரியாது. எழுதியதற்கெல்லாம் பதில் இல்லை. தானே போய்ப் பார்க்கப் பயம். தங்கையின் பெயரையும் சந்தின் பெயரையும் சீன எழுத்தில் எழுதித் தந்து, இருந்தால் ஒரு படம் எடுத்து வரச் சொன்னார். நான் நெஞ்சை நிமிர்த்தி ஒப்புக்கொண்டேன். எவ்வளவு நிமிர்த்தினாலும் முன்னுக்கு நிற்பது என் வயிறுதான்.

கன்ரனில் எங்கள் வழிகாட்டிப் பெண் யார் யாரிடமோ அனுமதி கேட்டு, கடைசி நாள் என்னையும் மனைவியையும் அங்கே கூட்டிப் போனாள். கற்பலகை பாவிய ஒடுங்கிய சந்து. சாம்பல் நிறச் செங்கல் வீடுகள். வாசல்களில் உருட்டுக் கட்டைகளைப் படுக்கையாக அடுக்கிச் செய்த, பக்கவாட்டில் இழுத்து மூடும் கதவுகள். காற்று வரும், கள்ளன் வரமாட்டான். தலைக்கு மேலே மூங்கில்களில் உடுப்புகள் காய்ந்தன. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், சந்து முழுவதும் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“இஞ்சேருங்கோ, நீங்கள் பாக்க வந்தனீங்களோ, காட்ட வந்தனீங்களோ?” என்றாள் மனைவி.

ஒரு கதவு இழுபட்டது. ஐம்பதை நெருங்கிய ஒரு பெண். இவர்தான் தங்கை என்றாள் வழிகாட்டி. அண்ணன் மெல்பனில் இருக்கிறார் என்று சொன்னதும் அந்த அம்மா உள்ளே போய் அடுப்பை மூட்டினார். சாப்பிடாமல் போகக்கூடாதாம். முட்டை போட்டு வதக்கிய பாகற்காயும் சோறும் வந்தன. சாப்பிட்டு முடித்ததும் வழிகாட்டி அவசரப்படுத்த, மனைவி என்னையும் அந்த அம்மாவையும் வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுத்தாள்.

மெல்பனில் கழுவி வந்த படத்தில் நடுவே நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பின்னால் ஒரு தோள், ஒரு காது.

சீன நண்பர் அந்தக் காதை வெகுநேரம் பார்த்தார். வெளிநாட்டாருக்குக் காட்ட யாரையாவது தங்கை என்று கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள் என்றார். பதில் தெரியாத இடத்தில் வழக்கமாகச் செய்வதுபோல, சாப்பாட்டைப் பற்றிப் பேசினேன். நாங்கள் பேசியது ஆங்கிலம். என் நினைவில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கிவிட்டது.

“பாவக்காயோ? உப்பு எப்பிடி?” என்று கேட்டார்.

அந்த அம்மாவின் மரியாதைக்காகப் பொய் சொல்லத்தான் நினைத்தேன்.

“குறை நினையாதேங்கோ அண்ணை. கடல் தண்ணி. தேத்தண்ணி குடிச்சுக் குடிச்சுத்தான் விழுங்கினனான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவள்தான்,” என்றார். “உப்புப் போட்டதை மறந்துபோய்த் திரும்பவும் போடுவாள். அம்மா எவ்வளவு பேசியும் திருந்தேல்லை.”

பிறகு படத்தைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்தார்.

“வாற வருசம் நான் போறன். நீர் வரவேண்டாம். நீர் ஆளை மறைப்பீர்.”